முகத்துவாரத்துக் கடலில் இரட்டை விளக்கு

வெள்ளவத்தையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மாலைப்பொழுதைக் கழிப்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று காலி வீதி, மற்றது கடற்கரை. காலி வீதியிலுள்ள புடைவைக் கடைகளுக்குள் நுழைவதற்குப் பணம் வேண்டும். கடற்கரைக்குப் போவதற்குக் கால்கள் இரண்டும் இருந்தாற் போதும். கல்லூரி ஆசிரியராகிய நாம் இவற்றுள் எதனைத் தெரிந்துகொண்டோம் என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மரைன் டிரைவ் வீதியையும் புகையிரதப் பாதையையும் கடந்து, கற்பாறைகளின் மேல் அமர்ந்து மேற்கே நோக்கினால், சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் கடல் தன் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கும். துறைமுகத்தினுள் நுழையத் தம் முறையை எதிர்பார்த்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள் சில. தெற்கே காலிப் பக்கமாகச் செல்வன சில. வடக்கே கொழும்புத் துறைமுகம் நோக்கி வருவன சில. பத்து வயது நிரம்பிய எம் மகள் ஒருநாள், “அப்பா, அந்தக் கப்பல் வருகுதோ, போகுதோ?” என்று கேட்டாள்.

விடை எளிது. ஓடுகின்ற ஒவ்வொரு கப்பலும் தன் வலப்புறத்தில் பச்சை விளக்கும் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் ஏந்திச் செல்லும். இவ்விரண்டும் நேர்முன்னாலிருந்து தத்தம் பக்கமாக 112.5 பாகை வரையே ஒளி வீசும். கொடிமரத்திலுள்ள வெள்ளை விளக்கு முன்புறமாக 225 பாகைக்கும், பின்னணியத்து வெள்ளை விளக்கு பின்புறமாக 135 பாகைக்கும் தெரியும். இரண்டையும் கூட்டினால் முழுவட்டமான 360 பாகை வந்துவிடும். ஆகவே, வெள்ளவத்தைக் கரையில் நிற்பவருக்குப் பச்சை தெரிந்தால் கப்பல் வடக்கே செல்கிறது. சிவப்புத் தெரிந்தால் தெற்கே செல்கிறது. மகள் இதனை ஒரே மாலையில் கற்றுக்கொண்டாள். பல ஆண்டுகளாகப் பௌதிகவியலில் ஒளியைப் பற்றிக் கற்பித்துவரும் எமக்கோ, கடலின் எழுத்துக்களையெல்லாம் வாசிக்கத் தெரியும் என்ற பெருமிதம் உண்டாயிற்று. அப்பெருமிதம் சென்ற மாசி மாதத்தில் முகத்துவாரத்துக் கடலிற் கரைந்துபோன வரலாறே இக்கட்டுரை.

எம்மிடம் கற்ற மாணவன் ஒருவனுடைய தந்தையார் முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழில் செய்பவர். சொந்தமாக ஒரு வள்ளம் உடையவராதலால் அயலார் அவரைச் சம்மாட்டியார் என்றே அழைப்பர். “கடலிலிருந்து துறைமுகத்தை ஒருமுறை பார்க்கவேணும் சேர், வாங்கோ” என்று அவர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியிலே தொடங்கிவிட்டால் மேற்குக் கடல் எம்மைப் போன்றவர்களுக்கு உதவாது. மாசியிலோ அது குளம் போலக் கிடக்கும். சிவராத்திரிக்கு இரண்டு நாள் முந்திய ஒரு விடுமுறை நாளை அதற்கெனத் தேர்ந்துகொண்டோம்.

வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிக் கோட்டையையும் புறக்கோட்டையையும் கடந்து கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். கொழும்பின் இரு முனைகளிலுமுள்ள இவ்விரு தமிழ்ப் பகுதிகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வெள்ளவத்தை கடலைப் பார்த்துக் காற்று வாங்கும். கொட்டாஞ்சேனை கடலைப் பார்த்துச் சோறு உண்ணும். துறைமுகத்தில் உழைத்த பல தலைமுறைகள் இங்கேதான் குடியிருந்தன. தெருக்கள் சிலவற்றின் முடிவில், வீட்டுக் கூரைகளுக்கு மேலாகப் பாரந்தூக்கிகளின் நெடிய கழுத்துக்கள் தெரிகின்றன. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலே வழிபாட்டை முடித்துக்கொண்டு, அந்தக் கருங்கல் மண்டபத்தின் குளிர்ச்சியை விட்டு வெளியே வர மனமின்றிச் சற்று நின்றோம். பின்னர் புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்கோபுரத்தைப் பார்த்தபடி வடக்கு நோக்கி நடந்தோம்.

முகத்துவாரம் என்னும் பெயரே அவ்விடத்தின் பூகோளத்தைச் சொல்லிவிடுகிறது. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறந்து ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை இதன் வடக்கே, காக்கைதீவின் பக்கத்தில் கடலோடு கலக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஆறும், ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்களும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த ஹமில்ற்றன் கால்வாயும் கொழும்பின் பெருந்தெருக்களாக விளங்கின. கூரை வேய்ந்த பாதைப் படகுகள், கழிகளால் ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் செலுத்தப்பட்டு, சரக்குகளைச் சுமந்து வந்தன. அவற்றுக்கு ஓர் அரிக்கன் லாம்பே போதுமானதாயிருந்தது. மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்கின்ற படகுக்கு வேறு விளக்கு எதற்கு?

மாலை ஐந்து மணியளவில் வள்ளம் புறப்பட்டது. சம்மாட்டியார் சுக்கானில், அவருடைய மகன், எம் பழைய மாணவன், முன்னணியத்தில், நாம் நடுவில், மடியிறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தோம். துறைமுகத்தின் எல்லைக்கு வெளியே, விலகி நின்றே பார்த்தோம். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால், இந்த நூற்றாண்டில் எழுந்த தென்துறைமுகத்தின் புதிய சுவர். கோட்டைப் பக்கத்தில், 1952 முதல் ஒளிவீசும் வெளிச்சவீடு. அதற்கு முன்பு அந்தப் பணியைச் செய்தது மணிக்கூட்டுக் கோபுரம் என்பதும், நகரத்துக் கட்டடங்கள் உயர்ந்து அதன் ஒளியை மறைத்துவிட்டன என்பதும் கொழும்புச் சிறுவர்கள் அறியவேண்டிய செய்திகள்.

சூரியன் மறைந்தது. நிலவில்லாத காலமாதலால் இருள் விரைவாகவே கவிந்தது. வள்ளத்தின் வெள்ளை விளக்கை ஏற்றிக்கொண்டு கிழக்கே கரையை நோக்கித் திரும்பினோம். அப்பொழுது எமக்கு இடப்பக்கத்திலே, வடக்கிலிருந்து தெற்காக, துறைமுகத்தை நோக்கி ஒரு கலம் வருவதைக் கண்டோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள். அவற்றின் கீழே ஒரு பச்சை. அதற்கு வெகு தூரம் பின்னால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மங்கலான இன்னொரு பச்சை விளக்கு. இரண்டுக்கும் நடுவே நல்ல விசாலமான இருள்.

ஆசிரியர் மனம் உடனே விளக்கவுரை எழுதத் தொடங்கிவிட்டது. பெரிய கப்பல்களுக்கு, அதாவது 50 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றுக்கு, இரண்டு கொடிமர விளக்குகள் உண்டு. முன்னையது தாழவும் பின்னையது உயரவும் இருக்கும். ஆகவே முதலாவது ஒரு பெருங்கப்பல். பின்னால் வருவது ஏதோ ஒரு சிறு படகு. “இடையிலே போதிய வெளி இருக்கிறதே, கப்பல் கடந்தவுடன் நாம் போய்விடலாமே” என்றோம்.

சம்மாட்டியார் மறுமொழி கூறவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார். வள்ளம் அலையிலே மெல்ல ஆடத் தொடங்கியதும், “சேர், அது ரெண்டு இல்ல, ஒண்டு. நடுவில வடம் கிடக்கு” என்றார்.

நாம் விழித்தோம். சிறிது நேரத்தில் எல்லாம் விளங்கிற்று. முன்னே வந்தது ஓர் இழுவைப் படகு. எமது கண்ணுக்கு அது சிறியதாகவே இருந்தது. அது எம்மைக் கடந்து சென்றபின், நாம் ‘விசாலமான வெளி’ என்று எண்ணிய இருளிலே நீர் ஓரிடத்தில் மெல்லப் பிளந்து மூடிற்று. இழுவடம் ஒரு கணம் மேலெழுந்து, நீரைச் சொட்டவிட்டு, மறுபடியும் தாழ்ந்தது. அதன்பின் ஓசையேயின்றி, மனிதரேயின்றி, ஒரு பெரிய தட்டைப் பாரப்படகு கறுத்த சுவர்போல எம்முன் நகர்ந்து சென்றது. நாம் சொன்னபடி சென்றிருந்தால், வடத்துக்கும் அந்தச் சுவருக்கும் நடுவிலே அகப்பட்டிருப்போம்.

கடல்விதிகள் இதனை ஐயமறச் சொல்கின்றன. 1972இல் இயற்றப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின் 24ஆம் விதி, வேறொன்றை இழுத்துச் செல்லும் இயந்திரக் கலம் ஒரே செங்குத்துக் கோட்டில் இரண்டு வெள்ளைக் கொடிமர விளக்குகளை ஏந்தவேண்டும் என்கிறது. இழுவையின் நீளம், அதாவது இழுக்கும் கலத்தின் பின்னணியத்திலிருந்து இழுபடுவதன் கடைக்கோடி வரையுள்ள தூரம், 200 மீற்றரை மிஞ்சினால் மூன்று விளக்குகள் வேண்டும். பகலிலானால் சாய்சதுர வடிவான கறுப்பு அடையாளத்தை உயர்த்தவேண்டும். பின்புறத்தில், வழக்கமான வெள்ளை விளக்கிற்கு மேலே மஞ்சள் விளக்கு ஒன்றும் எரியவேண்டும். இழுபடும் கலத்துக்கோ கொடிமர விளக்குக் கிடையாது. பச்சையும் சிவப்பும் பின்வெள்ளையும் மாத்திரமே. அந்தப் பாரப்படகு எம்மைத் தாண்டியபின் நாம் கண்ட காட்சியும் இதுவே: அருகில் தாழ்வாக ஒரு வெள்ளை, தொலைவில் வெள்ளைக்கு மேலே மஞ்சள்.

இதனை அறியாதது எமது குற்றமா? அறியாவிட்டாலும் ஊகித்திருக்கலாமே என்பதுதான் எம்மை உறுத்தியது. பெருங்கப்பலின் இரண்டு கொடிமரங்களும் முன்னும் பின்னுமாக நிற்பவை. அவற்றின் விளக்குகள் ஒன்றுக்கு நேர்மேல் ஒன்றாகத் தோன்றவேண்டுமானால் கப்பல் எம்மை நேர்முகமாக நோக்கி வரவேண்டும். அப்படி வந்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரியவேண்டும். எமக்குத் தெரிந்ததோ பச்சை மட்டும். அஃதாவது கலம் பக்கவாட்டில் நிற்கிறது. பக்கவாட்டில் நின்றும் விளக்குகள் செங்குத்தாக நின்றால், இரண்டும் ஒரே கொடிமரத்தில் உள்ளவை என்பதைத் தவிர வேறு பொருளில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் கேத்திரகணிதத்தில் நிறுவிவிடக்கூடிய இதனை, பட்டம் பெற்ற நாம் கடலில் நிறுவத் தவறினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது யாரைக் குறித்தோ என்று எண்ணியிருந்தோம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டு இயந்திரக் கலங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும்போது, தன் வலப்புறத்தில் மற்றதைக் காண்பதே விலகிச் செல்லவேண்டும். அன்று நாம் இழுவைப் படகுக்கு வலப்புறத்தில் இருந்தோம். ஆகவே விதிப்படி வழி எம்முடையது, விலகவேண்டியது அது. திசை மாற்ற மிகவும் இயலாத இழுவையாயின் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மேலும் மூன்று விளக்குகளை ஏந்தி அதனை அறிவிக்கவேண்டும். அந்தப் படகில் அவை இருக்கவில்லை. இதனைச் சம்மாட்டியாரிடம் பின்னர் கூறியபோது அவர் சிரித்தார். “சட்டம் வழி குடுக்கும் சேர், வடம் குடுக்குமோ?”

அவர் சொன்னது முற்றிலும் சரி. தேர்த்திருவிழாவைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேர் அசையும்போது வடத்தைக் குறுக்கே தாண்ட எவரும் துணிவதில்லை. முட்டுக்கட்டை போடுபவன் இல்லாவிட்டால் இழுப்பவர்கள் நின்றாலும் தேர் நிற்காது. பாரப்படகுக்கோ முட்டுக்கட்டையும் இல்லை, இயந்திரமும் இல்லை. இழுவைப் படகு நின்றுவிட்டாலும் அது தன் கனத்தினாலே முன்னோக்கி வந்துகொண்டேயிருக்கும். வடம் தொய்ந்தால் நீருக்குள் மறையும், இறுகினால் மேலெழும். மேலெழும் வடத்தின் முன்னே ஒரு கண்ணாடியிழை வள்ளம் எம்மாத்திரம்?

வள்ளம் மறுபடியும் புறப்பட்டபின் அவர் ஒரு செய்தியைக் கூறினார். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு கரையிலே, அவருடைய மைத்துனர் இன்னொருவரோடு இரவில் வலை எடுத்துத் திரும்பியபோது இதுபோன்ற ஓர் இடைவெளியூடாகச் சென்றாராம். பின்னே வந்த பாரப்படகின் விளக்கு அன்று அணைந்துபோயிருந்தது. முன்னே சென்ற படகின் இரட்டை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மற்றவர் நீந்திக் கரை சேர்ந்தார், மைத்துனர் சேரவில்லை. “அந்த ரெண்டு லைட்டும் என்ன சொல்லுது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல சேர். அதுக்குப் பிறகுதான் கேட்டுப் படிச்சன்” என்றார். குரலில் அழுகை இல்லை. முன்னணியத்தில் இருந்த மகன் திரும்பிப் பார்க்கவுமில்லை.

பச்சை, சிவப்பு, வெள்ளை ஆகிய மற்ற விளக்குகளெல்லாம் ‘நான் இங்கே இருக்கிறேன், இத்திசையிற் போகிறேன்’ என்று தம்மைப் பற்றியே பேசுகின்றன. இழுவைப் படகின் இரட்டை விளக்கோ தனக்குப் பின்னால் இருளில் வரும் வேறொன்றைப் பற்றிப் பேசுகிறது. பின்னேயுள்ள விளக்கு அணைந்துபோனால், அதன் பொருட்டுச் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது இது ஒன்றே. இழுபடும் கலத்தில் உரிய விளக்குகளை ஏற்ற இயலாவிடில், அதன் இருப்பையாவது புலப்படுத்த இயன்ற வழியெல்லாம் தேடவேண்டும் என்று விதியை வகுத்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து இருந்தென்ன?

இந்த எழுத்து மிகப் பழையது. பிரித்தானிய நீராவிக் கப்பல்களுக்குப் பச்சை, சிவப்பு விளக்குகள் கட்டாயமாக்கப்பட்டது 1848இல். இழுக்கும் நீராவிக் கப்பல் மற்றவற்றிலிருந்து வேறுபடுமாறு இரண்டு வெள்ளை விளக்குகளைச் செங்குத்தாக ஏந்தவேண்டும் என்பது 1863ஆம் ஆண்டு விதிகளிலேயே உண்டு. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழும் முன்பே இரட்டை விளக்கு உலகக் கடலில் எரிந்துகொண்டிருந்தது. 1950களில் ஆழ்துறை மேடைகள் கட்டப்படும் வரையில் பெரிய கப்பல்கள் எம் துறைமுகத்தின் நடுவே மிதவைகளிற் கட்டுண்டு நிற்க, தேயிலையும் அரிசியும் நிலக்கரியும் பாரத்தோணிகளிலேயே ஏறி இறங்கின. அத்தோணிகளை இழுவைப் படகுகள் இழுத்துச் சென்றன. பேர வாவிக்கும் துறைமுகத்துக்கும் இடையே பூட்டுவாய்கள் அமைந்த ஒரு கால்வாயும் இருந்தது. அக்காலத்துக் கொட்டாஞ்சேனைச் சிறுவர்களுக்கு இரட்டை விளக்கு எமது பிள்ளைகளுக்குச் சந்திச் சைகை விளக்கு எப்படியோ அப்படி இருந்திருக்கவேண்டும்.

ஆறுகளுக்குத் தனி விதிகளும் உண்டு. துறைமுகங்களிலும் ஆறுகளிலும் அவ்விடத்து அதிகாரிகள் சிறப்பு விதிகள் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை பொதுவிதிகளோடு இயன்றவரை ஒத்திருக்கவேண்டும் என்பது முதலாம் விதியின் கருத்து. இந்த இடத்திலே அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு வியப்பூட்டுகிறது. அங்கே ‘இழுவைப் படகு’ என்ற பெயர்தான் இருக்கிறது. அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. பூட்டுவாய்கள் உள்ள மேலாற்றிலே மூன்று வரிசையாகப் பதினைந்து பாரப்படகுகளை இறுகப் பிணைத்து, பின்னாலிருந்து ஒரே படகு தள்ளிச் செல்லும். மாலுமி இருப்பது கடைசியில். இடிக்கக்கூடிய முனையோ அவருக்கு ஏறக்குறைய 300 மீற்றர் முன்னால்! ஆகவே அந்த முனையில் மஞ்சள் விளக்கு ஒன்று நிமிடத்துக்கு ஐம்பது முதல் எழுபது தடவை மின்னவேண்டும். தள்ளும் படகின் பின்புறத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள் செங்குத்தாக எரியவேண்டும். நியூ ஓர்லியன்ஸ் அருகிலுள்ள ஹியூயி லோங் பாலத்துக்கு மேலே, இவ்வாறு தள்ளிச் செல்லும் படகுகள் கொடிமர விளக்குகளையே ஏற்றுவதில்லை. கடலில் மட்டும் பழகியவன் அங்கே சென்றால் எம்மைப் போலவே விழிப்பான். ஐரோப்பிய ஆறுகளில் தள்ளிச் செல்லும் தொடருக்கு மூன்று வெள்ளை விளக்குகள் முக்கோணமாக எரியும்.

விளக்கைத் தவறாகப் படித்ததன் விலை எவ்வளவு என்பதை இலண்டன் அறியும். 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் இரவு, தேம்ஸ் நதியில் உல்லாசப் பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த ‘பிரின்சஸ் அலிஸ்’ என்னும் நீராவிப் படகு, ‘பைவெல் காசில்’ என்ற கப்பலால் மோதுண்டு அமிழ்ந்தது. இறந்தோர் அறுநூறுக்கு மேல். எந்தக் கலம் எந்த விளக்கைக் காட்டியது, யார் எப்பக்கம் திரும்பினர் என்பன பின்னர் விசாரணையின் பொருளாயின.

எம் கடலும் இழுவையை மறக்கமுடியாது. 2021ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலை, ஜூன் 2ஆம் நாள் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றார்கள். பின்பகுதி கடலடியிலே தட்டிவிட, முயற்சி நின்றுபோயிற்று. அக்கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதை நாமெல்லாம் கண்டோம். இழுத்தலென்பது பகல் வெளிச்சத்திலேயே இவ்வளவு கடினமானது.

கரையில் இறங்கியபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. சம்மாட்டியார் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், எமது பாடநூல்களிலே ஒளித்தெறிப்புக்கும் முறிவுக்கும் எத்தனையோ பக்கங்கள் இருக்க, கடலோரப் பிள்ளைகள் தினமும் காணும் விளக்குகளுக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கலாகாதா என்று எண்ணினோம். பாடநூல் எம் கையில் இல்லை, கரும்பலகை இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் நாற்பது நிமிடமும் 24ஆம் விதியே நடந்தது. “சோதினையில் வருமா சேர்?” என்று ஒருவன் கேட்டான். “வராது” என்றோம். ஆயினும் பெரும்பாலோர் படத்தை வரைந்துகொண்டனர்.

சில வாரங்களின் பின் ஒரு மாலை, மகளோடு வெள்ளவத்தைப் பாறையில் அமர்ந்திருந்தோம். வடக்கு நோக்கிச் செல்லும் ஒரு கலம்: பச்சை விளக்கு, அதற்கு மேலே செங்குத்தாக இரண்டு வெள்ளை. மகள் அதனைப் பார்த்த மறுகணமே முகத்தை இடப்பக்கம் திருப்பி, தெற்கே இருண்டு கிடந்த நீரில் எதையோ தேடத் தொடங்கினாள். தெஹிவளை நோக்கிச் செல்லும் புகையிரதம் எம் பின்னால் கடகடத்துப் போயிற்று. அது ஓய்ந்தபின்னும் அவள் வாய் திறக்கவில்லை.

“இருக்கு, அப்பா” என்றாள் கடைசியில். நாம் கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தோம். நெடுந்தூரம் பின்னால், அலைக்குள் மறைந்தும் தோன்றியும், சின்னஞ்சிறு பச்சைப் பொட்டு ஒன்று வந்துகொண்டிருந்தது.